சாணித் தரையும் டைல்ஸ் தரையும்

எங்க அப்பாயி விழுந்தது 1979 ஐப்பசி மாசம். திண்ணையிலிருந்து இறங்கும்போது கால் பிசகிருச்சு. ஒன்றரை அடி உயரம்தான். இடுப்பு போச்சு. எலும்புக்குக் கட்டு போடுற வைத்தியர் வந்து பாத்தாரு. முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் தடவி, மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனாரு. கை உடைஞ்சாலோ முழங்காலுக்குக் கீழ உடைஞ்சாலோ அந்தக் கட்டுல கூடிரும், நானே பாத்திருக்கேன். ஆனா தொடை எலும்பு இடுப்போட சேர்ற கழுத்துல முறிஞ்சா சும்மா கட்டி வச்சு எப்படிக் கூடும்? அங்க ரத்த ஓட்டமே கம்மி. அப்பாயி கயித்துக் கட்டில்ல மூணு மாசம் கிடந்தாங்க. முதுகெல்லாம் படுக்கைப் புண். தை பொறக்கும்போது போயிட்டாங்க. "வயசாயிருச்சு, போயிட்டாங்க"ன்னு ஊர்ல சொன்னாங்க. விழுந்ததால போனாங்கன்னு யாரும் சொல்லல.

இதுல எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஆஸ்டின் மூர்ங்கிற டாக்டர் 1940-லேயே தொடை எலும்பின் மேல்பகுதிக்குப் பதிலா உலோகம் வச்சுட்டாரு. இங்கிலாந்துல ஜான் சார்ன்லி 1962-ல இடுப்பு மூட்டு முழுசையும் மாத்துற வழியைக் கண்டுபிடிச்சுட்டாரு. அதுக்கப்புறம் 17 வருஷம் கழிச்சும் அது எங்க ஊர் ஒத்தையடிப் பாதை வரைக்கும் வந்து சேரல.

அந்தக் காலத்து வீடு பத்திரமான வீடுன்னு நான் சொல்ல வரல. நிலைப்படி தலையில இடிக்கும், வாசப்படி கால்ல தட்டும், ராத்திரியில சிம்னி விளக்கை வச்சுக்கிட்டு கொல்லைக்குப் போகணும். தரை மட்டும் நல்ல தரை. மண்ணு, மேல சாணி மெழுகல். தண்ணி சிந்துனா உறிஞ்சிக்கும், வெறுங்கால் பிடிச்சு நிக்கும். அப்புறம் சிமெண்டு வந்துச்சு, காவி போட்டாங்க. வசதியான வீட்டுல மொசைக். 2010-ல கலைஞர் வீட்டு வசதித் திட்டம், அடுத்த வருஷமே பசுமை வீடு. குடிசையெல்லாம் காங்கிரீட் ஆச்சு. மழைக்கு ஒழுகாத கூரை கிடைச்சதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதோட பின்னாலேயே டைல்ஸும் வந்துச்சு. விட்ரிஃபைடு டைல்ஸ் நூத்துக்கு அரை பங்கு தண்ணியைக்கூட உள்ள இழுக்காதாம். கறை பிடிக்காதுன்னு கடைக்காரர் சொன்னது அதனாலதான். சிந்துன தண்ணி மேலேயே நிக்கும்ங்கிறதை அவர் சொல்லல, நானும் கேக்கல.

2018-ல பொண்ணு கல்யாணத்துக்காக வீடு முழுக்க, குளியலறை உள்பட, பளபளன்னு வெள்ளை டைல்ஸ் போட்டேன். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரங்க எல்லாம் "மாமா, எங்க ஃபிளாட் மாதிரியே இருக்கு"ன்னாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு. மறு வருஷம் அம்மா சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்தாங்க. மாமியாருக்கு உடைஞ்ச அதே இடம், இடது பக்கம். இந்தத் தடவை ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆபரேஷன் நடந்துச்சு, மூணாம் நாள் வாக்கர் பிடிச்சு நடக்க வச்சாங்க. அப்பாயிக்குக் கிடைக்காத நடை அது.

கீழ விழுந்து வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசானவங்கதான் அதுல அதிகம். எங்க அப்பாயி மாதிரி ஆளுங்க எந்தக் கணக்குலயும் வந்திருக்க மாட்டாங்க.

போன மாசம் குளியலறை டைல்ஸை உடைச்சு எடுத்துட்டு சொரசொரப்பான தரை போட்டேன். சுவத்துல கைப்பிடிக் கம்பியும் மாட்டியாச்சு. அம்மா அதைப் பிடிக்கிறதில்ல. ஈரத்துண்டு காயப் போடுறாங்க. "ஆயி, அது பிடிக்கத்தான்"னா, "எனக்குத் தெரியும்டா, நீ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு"ங்கிறாங்க. துண்டு போட வேற ஒரு ஆணி அடிக்கணும்.