நடுவில் ஒரு எண்

1992. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் நர்ஸ் படிப்பு முடித்துவந்த புதிது. குழி ஓரமாக ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசப் பெட்டியை வைத்து, அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். மேலே 150, கீழே 90. அதற்கு முன் ஐந்து நிமிடம் நாடாவைத் தொடாமல் சும்மா உட்கார வைத்ததிலேயே அவருக்குக் கோபம்.

"அப்ப சராசரி நூத்தியிருபதாம்மா?"

"இல்லப்பா, நூத்திப்பத்து."

கூலிக் கணக்கில் முதலாளியையே மடக்குகிற ஆள், விடுவாரா? "தப்பா போடுற நீ" என்றார்.

"ரெண்டு நாள் தொண்ணூறு ரூபா கூலி, ஒரு நாள் நூத்தம்பது. நாளுக்கு என்ன விழுது?"

நாடா அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் பதில் வந்தது. "நூத்திப்பத்து."

அவ்வளவுதான் விஷயம். ஒரு துடிப்பில் இதயம் சுருங்கும் நேரம் ஏறக்குறைய ஒரு பங்கு, தளர்ந்து நிரம்பும் நேரம் இரண்டு பங்கு. அதனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒன்றை எடுத்துக் கீழ் எண்ணோடு கூட்டுகிறோம். அதுதான் சராசரி அழுத்தம், நடு எண். நாடி படபடவென்று ஓடினால் தளரும் நேரம் குறைந்துவிடும். அப்போது இந்தக் கணக்கு சறுக்கும்.

இத்தனைக்கும் முதன்முதலில் கண்ணில் பட்டது இந்த நடு எண்தான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு பெண்குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் மட்டும் ஏறி இறங்கியது. பாவம் அந்தக் குதிரை. 1733-ல் அவர் நூல் வெளிவந்தது. 1896-ல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கைப்பட்டையைக் கொண்டுவந்தார். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்ததில் மேல் எண் மட்டும் கிடைத்தது. 1905-ல் ரஷ்யாவின் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க, கீழ் எண்ணும் கிடைத்தது. நடு எண், காகிதத்தில் போட்டுப் பார்க்கும் கணக்காகிவிட்டது.

இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் பட்டன் மெஷின்கள் காதால் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது பட்டையில் எழும் அதிர்வைப் பார்க்கின்றன. அதிர்வு உச்சத்தைத் தொடும் இடம்தான், ஏறத்தாழ, சராசரி அழுத்தம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அந்த அதிர்வுகளிலிருந்து மெஷினே கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான மெஷின்கள் நடு எண்ணைத் திரையில் காட்டுவதில்லை. ஐசியு மானிட்டரில் அடைப்புக்குறிக்குள் சின்னதாக இருக்கும். அது 65-க்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிடுவோம்.