மலையகத்தில் ஆசிரியப் பயிற்சியும் பயிலுவோர் நலமும்

ஒரு சமூகத்தின் கல்வியை அளந்தறிய வேண்டுமாயின், அதன் ஆசிரியர்கள் எவ்வாறு உருவாக்கப்பட்டார்கள் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். நமது மலையகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்திற்று. பாடசாலைகள் தோன்றின, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தோன்றவில்லை. லயக் காம்பிராவிலோ கொட்டகையிலோ, பல வகுப்புகளையும் ஒருவரே நடத்தினார். துரையின் தயவில் வாழ்ந்த அவர், தோட்டத்தின் பிற வேலைகளையும் பார்க்க நேர்ந்தது. ஆசிரியரே ஆதரவற்றிருந்த இடத்தில் கல்வி எங்ஙனம் தழைக்கும்?

1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் புறத்தேயே நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரானோர்க்கு அரசாங்க உத்தியோகம் எட்டாக் கனியாயிற்று. 1977 முதல் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபோது, ஆசிரியர் பஞ்சம் வெளிப்பட்டது. ஆகவே 1980களில் தோட்டத்து இளைஞர் பலர் நியமனம் பெற்றுப் பின்னரே பயிற்சி பெற்றனர். பகலிற் கற்பித்து இரவிற் கற்ற அவர்தம் உழைப்பு மறக்கற்பாலதன்று. அத்தகையோர் பலருக்குக் கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலை பயிற்சி அளித்தது.

1990களின் தொடக்கத்தில், ஜெர்மன் நாட்டின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. இரண்டாண்டுகள் விடுதியிற் பயிற்சி. மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றிற் கட்டுறுபயிற்சி. இம்முறையின் சிறப்பை மலையக மக்களே நன்குணர்வர். விடியுமுன் தாய் பிரட்டுக்குப் புறப்படும் வீட்டில், குடும்பம் முழுவதும் ஒரே காம்பிராவில் உறங்கும் லயத்தில், படிப்பதற்கென ஒரு மூலை ஏது? விடுதி தருவது படுக்கையும் உணவும் மாத்திரமன்று; மனவமைதியும் ஆகும்.

மூன்றாம் ஆண்டிலேதான் சோதனை. விடுதியை நீங்கிய இளம் ஆசிரியர், அறிமுகமற்ற ஊரில் வாடகை அறை தேட வேண்டும். சொற்ப உதவிப்பணத்திற் சாப்பாடும் பஸ் கட்டணமும் கற்பித்தற் சாதனச் செலவும் அடங்க வேண்டும். ஆடி மழையில் மலைப்பாதை ஏறிப் பள்ளி சேர வேண்டும். தனித்து வரும் பெண்பிள்ளைகளின் கவலை இன்னும் பெரிது.

இளைஞர்காள்! நும் தோட்டத்துப் பாடசாலைக்குப் பயிற்சி ஆசிரியர் வந்தால், தக்க தங்குமிடம் தேடிக் கொடுங்கள். பெரியோர்களே! பண்டிகை நாளில் அவர்களைத் தனித்திருக்க விடாது வீட்டுக்கு அழைத்து உணவளியுங்கள். நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வந்தவரைப் பேணுவது நம் கடனன்றோ?