குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு (இங்கிலாந்து, வேல்ஸ்)
குழந்தைகளோடும் நலிந்த நிலையிலுள்ள பெரியவர்களோடும் பணியாற்றுவோரின் குற்றப் பதிவுகளை நியமனத்தின்போது ஆராயும் சட்டமுறை. 2012 டிசம்பர் முதல் டிபிஎஸ் என்னும் அரசு அமைப்பு இதை நடத்துகிறது. விரிவான சரிபார்ப்பில், தண்டனைகளுடன், பணிக்குத் தொடர்புடையதெனக் காவல்துறை கருதும் உள்ளூர்த் தகவலும் இடம்பெறும். இதுவே இம்முறையின் உயிர்நாடி. 2002-இல் சோஹம் ஊரில் 10 வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்ற பள்ளி ஊழியர்மீது முன்பே பல புகார்கள் காவல்துறைக்கு வந்திருந்தும், பணியமர்த்தியோரை அவை எட்டவில்லை. இதை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணை இக்கொடிய குறையை வெளிப்படுத்தியது; 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பணிகளில் சேரத் தடைவிதிக்கப்பட்டோரின் பட்டியல்களுக்கு வழிவகுத்தது. பட்டியலிலுள்ளவர் தடைசெய்யப்பட்ட பணியில் சேர்வதும், அறிந்தே அவரைச் சேர்ப்பதும் குற்றம். சரிபார்ப்பின் முடிவில் வழங்கப்படும் சான்றிதழுக்குக் காலாவதி நாள் இல்லை. வழங்கிய நாள்வரையிலான தகவலையே அது காட்டும். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் தனி அமைப்புகள் உள்ளன.