சொல்லுக்குள் உட்கார்ந்த ஈ

"மாடு பருவத்துக்கு வந்திருக்கு, சினை ஊசி போடணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த கால்நடை நூலில் அதே பருவத்துக்கு 'ஈஸ்ட்ரஸ்' என்று போட்டிருந்தது. மூலம் என்ன என்று கிரேக்க அகராதியைப் புரட்டினேன். 'ஆய்ஸ்ட்ரோஸ்: மாட்டைக் கடிக்கும் ஈ.' பக்கம் மாறிவிட்டதோ என்று இன்னொரு அகராதியை எடுத்தேன். அதிலும் ஈதான்.

முதல் தடம் ஏமாற்றியது. 1758-இல் லின்னேயஸ் ஓர் ஈப் பேரினத்துக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார். ஆனால் அது ஆட்டின் மூக்கில் புழுவை விட்டுப் போகிற ஈ, கடிக்கவே கடிக்காது.

அங்கிருந்து பழைய ஏடுகளுக்குப் போனேன். ஹோமரின் ஒடிசி, 22-ஆம் காண்டம்: பெனலோப்பியைப் பெண் கேட்டு வந்தவர்கள், ஈ கடித்த மாட்டுமந்தை போலச் சிதறி ஓடுகிறார்கள். ஈஸ்கிலஸின் நாடகத்தில், பசுவாகிவிட்ட அயோவை ஓர் ஈ நாடு நாடாக விரட்டுகிறது. ஈயின் பெயர் கடிக்கு ஆகி, கடியின் பெயர் வெறிக்கு ஆகியிருக்கிறது. சரி, இனப்பெருக்கத்துக்கு எப்படி வந்தது? விடை நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரொடோட்டஸ், எகிப்தைப் பற்றிய இரண்டாம் நூலில், மீன்களுக்குச் சினைக்கும் வேட்கை எழுவதைச் சொல்ல இதே சொல்லை எடுத்தாள்கிறார். மாட்டு ஈ மீனைப் பிடித்த அந்த வரியில்தான் என் தேடல் பாதி முடிந்தது.

மீதிப் பாதி வால்டர் ஹீப். கல்கத்தாவில் குரங்குகளைச் சேகரித்து, 1894-இல் மந்திகளின் மாதவிலக்கைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர். 1900-இல் பாலூட்டிகளின் இனப்பெருக்கப் பருவம் பற்றிய கட்டுரையில் ஈஸ்ட்ரஸை நடுவில் வைத்து, அதற்கு முன், பின், இடைப்பட்ட ஓய்வு என்று கட்டங்களுக்குப் பெயர் வகுத்தார். தலைப்பில் 'பருவம்' என்று எழுதியவர் உள்ளே ஈயைக் குடியேற்றியது எனக்கு இன்னும் வேடிக்கைதான். நம் பட்டிக்காரர்கள் அந்த முதல் சொல்லோடே நின்றுவிட்டார்கள்.

1923-இல் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றிச் சூலகத்தின் நுண்பைகளிலிருந்து எடுத்த நீரை, சூலகம் நீக்கிய எலிகளுக்குச் செலுத்தி, அவற்றைப் பருவத்துக்கு வரவழைத்தார்கள். அப்படி ஈஸ்ட்ரஸை உண்டாக்குவதால் அந்தச் சுரப்புக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் பின்னால் அமைந்தது. பெண்களுக்கு ஈஸ்ட்ரஸ் கிடையாது. ஆனாலும் அவர்கள் விழுங்கும் கருத்தடை மாத்திரையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் எழுதும்போது முதல் எழுத்தே ஈ என்று விழுந்திருப்பது வெறும் தற்செயல்.

அக்காவிடம் சொன்னேன். வழும்பு கண்ணாடியாய் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே, "ஈ கடிச்சா வாலைத்தான் ஆட்டும் தம்பி. இது விடிஞ்சதிலேருந்து கயித்தை இழுத்துக்கிட்டுக் கத்துது. சாயங்காலம் ஊசி போட்டாகணும், விட்டா இன்னும் இருபத்தோரு நாள்" என்றார்.