ஜொகூர் பாருவின் பழைய நகரம்: சதுக்கம் முதல் டோபி சாலை வரை

ஜொகூர் பாருவில் டாக்சி ஏறி 'சிட்டி ஸ்குவேர்' என்று சொன்னால், வோங் ஆ ஃபூக் சாலையில் உள்ள பேரங்காடி வாசலில்தான் இறக்கிவிடுவார்கள். மாநகரின் சதுக்கம் அது அல்ல. மணிக்கூண்டும் நீரூற்றும் திடலுமாக இருக்கும் அந்த இடத்தின் பெயர் டத்தாரான் பண்டாராயா. 1994 ஜனவரி 1ஆம் தேதி ஜொகூர் பாரு மாநகர் தகுதி பெற்றதன் நினைவாக அமைக்கப்பட்டது அது.

சதுக்கம் புதிது, நகரம் பழையது. 1855இல் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் இங்கு குடியேற்றத்தை நிறுவியபோது இதன் பெயர் தஞ்சோங் புத்திரி. அவருடைய மகன் அபு பக்கார் 1866இல் 'ஜொகூர் பாரு' எனப் பெயர் மாற்றினார். இஸ்தானா பெசார் அரண்மனையும் அதே காலத்தது. அதைக் கட்டிய குத்தகைக்காரர்தான் மேலே சொன்ன வோங் ஆ ஃபூக். 1946 மே 11ஆம் தேதி அம்னோ பிறந்ததும் அந்த அரண்மனையில்தான். அபு பக்கார் பள்ளிவாசலின் கட்டுமானம் 1892இல் தொடங்கி 1900இல் முடிந்தது. சுல்தான் அதைக் காணவில்லை. 1895இல் லண்டனில் காலமாகிவிட்டார்.

புக்கிட் திம்பாலான் குன்றின் மேல் நிற்கும் சுல்தான் இப்ராஹிம் கட்டடம் 1940இல் முடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் போர் வந்தது. 1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய நேச நாட்டுப் படையினர் ஜொகூர் கடற்பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தனர். சிங்கப்பூரைத் தாக்கும் முன் ஜப்பானியர் இந்தக் குன்றுக் கட்டடத்தைப் பயன்படுத்திக் கொண்டனர். அதன் பின் நடந்ததைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. ஜொகூர் தோட்டங்களிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. 2009இல் மாநில நிர்வாகம் கோத்தா இஸ்கண்டாருக்கு மாறியதால், குன்றின் மேல் இருந்த அலுவலகப் பரபரப்பு அடங்கிவிட்டது.

தமிழ் வாசகர்கள் நிதானமாக நடக்க வேண்டிய பகுதி குன்றின் கீழே இருக்கிறது. உங்கு புவான் சாலையில் அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம். 1911இல் தொடங்கிய கோயில் இது. நிலம் வழங்கியது அரண்மனை. 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டிய இரண்டு ஆண்டுகளில் கோயில் எழுந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோயிலை ஒட்டிய தெருக்களில் பூக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக்கடை என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அருகில் உள்ள த்ருஸ் சாலையில் சீக்கிய குருத்துவாராவும் பழைய சீனக் கோயிலும் இருக்கின்றன. சீனக் கோயிலில் உள்ள மணியில் 1870 என்ற ஆண்டு காணப்படுகிறது. தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கான்டனீஸ், ஹைனனீஸ் என ஐந்து குழுவினர் ஆளுக்கொரு தெய்வமாக ஐந்து தெய்வங்களை அங்கு வழிபடுகிறார்கள்.

டோபி சாலையையும் விட்டுவிடக் கூடாது. துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களை நினைவூட்டும் பெயர் அது. அங்கே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சலாஹுதீன் பேக்கரி 1937 முதல் இயங்குகிறது. பக்கத்துத் தான் ஹியோக் நீ சாலையில் ஹியாப் ஜூ பேக்கரி, 1919இல் தொடங்கியது. விறகடுப்பில் சுடும் வாழைப்பழக் கேக்குக்குப் பேர்போனது. கேக் தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்தத் தெருக்களின் முன்னால் இப்போது நிற்பது புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரை செல்லும் ஆர்டிஎஸ் ரயில். சுமார் 4 கிலோமீட்டர் தூரம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் திறன். கூட்டம் வந்தால் வியாபாரம் வரும். வாடகையும் ஏறும். சொந்தக் கடைவீடு இல்லாத சிறு வணிகருக்கு இரண்டாவதுதான் முதலில் வந்து சேரும். டோபி சாலையில் துணி வெளுத்தவர்கள் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கு புவான் சாலையின் பூக்கடைகளுக்கும் அதே கதி வரக் கூடாது என்றால், மாநகர் மன்றத் திட்டங்களில் அந்தக் கடைகளுக்கும் இடம் வேண்டும்.

போக விரும்புவோருக்கு: ஜேபி சென்ட்ரலிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது; 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு. சிங்கப்பூரிலிருந்து வருவோரும் அந்த நாட்களில்தான் வருகிறார்கள் என்பதால் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். காலையிலேயே போய்விடுவது நல்லது. உச்சி வேளையில் கோயில் நடை சாத்தியிருக்கும்.