மிதக்கும் வீடுகளும் சியாட்டில் நகரசபையும்

ஓர் ஏரி மாசடைகிறது. யாரால் மாசடைகிறது? கண்ணுக்குத் தெரிவதை வைத்து விடை சொல்வதா, அளந்து பார்த்துச் சொல்வதா? அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாட்டில் நகரில், 1960-களில், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு இந்தக் கேள்வியைப் பொறுத்திருந்தது.

சியாட்டிலின் நடுவே யூனியன் ஏரி உள்ளது. அதன் கரையோரத்தில் மிதக்கும் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இவை படகுகள் அல்ல. இவற்றுக்கு எஞ்சினும் கிடையாது, சுக்கானும் கிடையாது. பெரிய மரக்கட்டைகளை இணைத்த மிதவையின் மேல் வீட்டைக் கட்டி, அதைத் துறையில் பிணைத்துவிடுகிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியில் மரம் வெட்டும் தொழில் செழித்தது. கட்டைகளுக்குப் பஞ்சமில்லை, நிலத்தில் குடியிருக்கத்தான் பணம் வேண்டும். எனவே மரம் வெட்டுவோரும் மீனவரும் கப்பல் தொழிலாளரும் தண்ணீரில் குடியேறினர். உச்ச நிலையில் நகரிலிருந்த மிதக்கும் வீடுகளின் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது.

இவ்வீடுகளுக்கு யூனியன் ஏரி பொருத்தமான இடமாக அமைந்ததற்கு அறிவியல் காரணங்கள் உண்டு. நகரை ஒட்டிய கடலில் நீர்மட்டம் ஒரே நாளில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறியிறங்கும். 1917-இல் திறக்கப்பட்ட கப்பல் கால்வாயின் மதகுகளோ ஏரியின் மட்டத்தை ஆண்டு முழுவதும் சுமார் 60 சென்டிமீட்டர் வேறுபாட்டுக்குள் வைத்திருக்கின்றன. மேலும், மரத்தைத் துளைத்து அரிக்கும் கப்பற்புழு உப்புநீரில் வாழ்வது. ஏரியின் நன்னீரில் அது பெருகுவதில்லை. நீரில் முழுதும் மூழ்கிய மரத்துக்கு ஆக்சிஜன் குறைவாகவே கிடைப்பதால், அதை மட்கச் செய்யும் பூஞ்சைகளும் எளிதில் வளர முடிவதில்லை.

ஆனால் மரம் மெல்ல மெல்ல நீரை உறிஞ்சும். ஒரு கன மீட்டர் மரத்தின் எடை 500 கிலோகிராம் என்று கொள்வோம். அது முழுதும் அமிழும்போது 1,000 கிலோகிராம் நீரை விலக்குகிறது. ஆகவே ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அது மேலும் 500 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும். நீர் ஊறி அதன் எடை 900 கிலோகிராம் ஆகிவிட்டால் 100 கிலோகிராம்தான் தாங்கும். வீடு தாழத் தொடங்கும். அப்போது காற்றடைத்த பீப்பாய்களையோ நுரைப் பிளாஸ்டிக் கட்டிகளையோ கட்டைகளுக்கு அடியில் செருகி, வீட்டை மீண்டும் உயர்த்துவார்கள்.

இனி வழக்குக்கு வருவோம். 1950-களில் சியாட்டிலின் நீர்நிலைகள் சீர்கெட்டன. யூனியன் ஏரியுடன் கால்வாயால் இணைந்துள்ள பெரிய ஏரி வாஷிங்டன் ஏரி. அதில் 1955-இல் ஒருவகைப் பாசி பெருகியது கண்டறியப்பட்டது. கழிவுநீரோடு வரும் பாஸ்பரஸே அதற்கு உணவாகிறது என்று பல்கலைக்கழக விலங்கியலறிஞர் எட்மண்ட்சன் அளவீடுகளைக் கொண்டு விளக்கினார். 1958-இல் மக்கள் வாக்களித்து, கழிவுநீரை அகற்றுவதற்கென ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தினர். பெருங்குழாய்கள் பதிக்கப்பட்டன. 1964-இல் ஏறக்குறைய முக்கால் மீட்டர் ஆழம் வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது; கழிவுநீர் முற்றிலும் திருப்பிவிடப்பட்ட 1968-இல் அது சுமார் மூன்று மீட்டராயிற்று.

யூனியன் ஏரியிலோ பழி மிதக்கும் வீடுகளின் மேல் விழுந்தது. அவ்வீடுகளின் கழிவு நேரே ஏரியில் கலந்தது உண்மை. அது எவர் கண்ணிலும் பட்டது. ஆனால் நகரின் சாக்கடைக் குழாய்களும் அதே ஏரியில் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தன. அவை நீருக்குள் மறைந்திருந்ததால் பேச்சில் இடம்பெறவில்லை. வீடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்ற குரல் வலுக்கவே, 1962-இல் குடியிருப்போர் ஒரு சங்கம் அமைத்தனர். அதை முன்னின்று நடத்தியவர் டெர்ரி பெட்டஸ் என்ற பத்திரிகையாளர். நகரின் பங்கைச் சுட்டிக்காட்டியதோடு அவர் நிற்கவில்லை. எங்கள் வீடுகளையும் சாக்கடைக் குழாயுடன் இணையுங்கள், எங்கள் பங்குச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்பதே சங்கத்தின் நிலை.

சாக்கடை பொதுவாக மேலிருந்து கீழே தானாக ஓடும். இங்கோ வீடு கீழே நீரில். தெருக்குழாய் மேலே கரையில். ஆகவே கழிவைப் பம்பு வைத்து ஏற்ற வேண்டும். வீடு அசைவதால் வளையும் குழாய் வேண்டும். இரண்டுமே கைக்கெட்டிய பொறியியல்தான். 1960-களின் இறுதிக்குள் பெரும்பாலான இணைப்புகள் முடிந்தன. வீடுகளை அகற்றுவதற்குச் சொல்லப்பட்ட முதற்காரணம் மறைந்தது.

அடுத்த ஆபத்து கட்டடங்களின் உருவில் வந்தது. நீரின் மேலேயே மேடையிட்டு அடுக்குமாடி எழுப்பும் வேலை ஒன்று தொடங்கியது. சுற்றுச்சூழல் விளைவுகளை ஆராயாமல் தந்த அனுமதி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1973-இல் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 1971-இல் மாநிலம் கரையோரங்களைக் காக்கச் சட்டமும் இயற்றியிருந்தது. துறை உரிமையாளர்கள் வாடகையை உயர்த்தியும் வெளியேற்றியும் குடியிருப்போரை வருத்துவதைத் தடுக்க, 1977-இல் நகரசபை ஒரு விதி செய்தது. அதன் சில பகுதிகளை நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்தது. எனவே பல துறைகளில் குடியிருப்போரே ஒன்றுசேர்ந்து இடத்தை வாங்கிக்கொண்டனர்.

இன்று சுமார் 500 வீடுகள் எஞ்சியுள்ளன. 2011-க்கு முன் முறைப்படி அனுமதி பெற்ற மிதக்கும் வீடுகளுக்கு மாநிலச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. வீடுகள் பிழைத்தன, ஆனால் அவற்றைக் கட்டிய ஏழைத் தொழிலாளரின் வாரிசுகளுக்கு அவை எட்டாக்கனியாகிவிட்டன. பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் மிதக்கும் வீடுகளும் இன்று அங்கே உண்டு. குழாய் இணைப்பு நீரின் தூய்மையைக் காத்தது. குறைந்த வாடகையைக் காக்க அத்தகைய குழாய் எதுவும் இல்லை.

புதிய கேள்வியும் ஒன்று எழுந்துள்ளது. நீரின் மேல் விழும் கட்டடங்களின் நிழல், கடலை நோக்கிச் செல்லும் சால்மன் குஞ்சுகளின் பாதையை மாற்றுகிறது. எனவே நீரின் மேல் புதிதாக எவ்வளவு பரப்பை மூடலாம் என்பதற்கு இப்போது கட்டுப்பாடுகள் உள்ளன. இங்கும் பழைய பாடமே பொருந்தும். மிதக்கும் வீடுகளின் நிழலை அளக்கும் கோலால், ஏரிக்கரையின் கப்பல் துறைகளையும் உல்லாசப் படகுத் துறைகளையும் அளக்க வேண்டும். எளியவரின் குற்றத்தை மட்டும் அளப்பது அறிவியல் ஆகாது.