பேறுகால எச்.ஐ.வி. பரிசோதனை (இந்தியா)

கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் முதல் இரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருப்பதால், பல குடும்பங்களில் தொற்று முதலில் தெரியவருவது மனைவிக்குத்தான். கணவனிடமிருந்தே வந்திருந்தாலும் பழி அவள்மேல் விழுகிறது. சிகிச்சையின்றி விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு, சிகிச்சையால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். அப்படியிருக்க ஒப்புதல், ஆலோசனை என்று நேரத்தைக் கடத்துவானேன் என்பர் சிலர். நியாயமான கேள்விதான். ஆனால் சிகிச்சை என்பது நாள்தோறும் விழுங்கவேண்டிய மாத்திரை. மாமியார் கண்ணில் படாமல் அதை அரிசிப் பானைக்குள் ஒளிக்க நேர்ந்தால் எத்தனை நாள் தொடர முடியும்? அதனால் தமிழகத்தில் 'நம்பிக்கை மையம்' எனப்படும் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தின் மூடிய அறைப் பேச்சும் மருத்துவத்தின் பகுதியே, வெறும் சடங்கல்ல. அறிந்து தரும் ஒப்புதலையும், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனையையும் வலியுறுத்தும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது.